வானொலி ஊமையாகும்போது

செஸ்னா 172 என்பது நால்வர் அமர்ந்து செல்லத்தக்க ஒற்றை இயந்திரச் சிறு வானூர்தி. 1955ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. இதன் விமானி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுகிறார். அவ்வானொலி பழுதுற்றால் பலரும் முதலில் ஐயுறுவது கருவியையே. அதனைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புவர். குறையொன்றுமில்லை என்னும் சீட்டுடன் அது திரும்பி வரும். அதிர்வும் ஈரமும் எளிதில் தாக்குவன கம்பிகளையும் இணைப்புகளையுமே என்பதை அறிந்தவர்க்கு அவ்வலைச்சல் இல்லை.

கேட்கவில்லையா, பேச இயலவில்லையா என்பதே முதல் வினா. கருவியின் இரைச்சல் தடுப்பை நீக்கினால் 'உஸ்' என்னும் ஓசை எழவேண்டும். எழுந்தால், மின்வழங்கலும் செவிக்கு ஒலி கொணரும் கம்பியும் நலமே. அண்மையில் உள்ளோர் குரல் கேட்டுத் தொலைவில் உள்ளோர் குரல் மட்டும் கேளாதெனில், ஆண்டெனாவிற்குச் செல்லும் 50 ஓம் கோஆக்சியல் கம்பியை ஆராய வேண்டும். அதன் இருமுனைகளையும் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால், நடுக்கம்பியின் மின்தடை ஏறத்தாழச் சுழியமாக இருக்கும். நடுக்கம்பிக்கும் அதனைச் சூழ்ந்த உலோக வலைக்கும் இடையே தொடர்பே இருத்தலாகாது.

பேச்சுப் பொத்தானின் பழுது இவற்றினும் கொடிது. விமானியின் கைப்பிடியில் அமைந்த அப்பொத்தானை அழுத்தும்போது ஒரு கம்பி தரையிணைப்பைத் தொடுகிறது. உடனே கருவி ஒலிபரப்பத் தொடங்குகிறது. கைப்பிடி திரும்புந்தோறும் அக்கம்பியும் வளைகிறது. உறைக்குள்ளேயே அது அறுந்தால் விமானி பேச இயலாது. மாறாக, உறை தேய்ந்து கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், பொத்தானை அழுத்தாமலே கருவி இடைவிடாது ஒலிபரப்பும். அவ்வேளையில் அவர் எதையும் கேட்கமாட்டார்; அதே அலைவரிசையில் இறங்கக் காத்திருக்கும் பிற விமானிகளின் பேச்சும் தடைப்படும். ஒரு சாண் கம்பி ஒரு வானூர்தி நிலையத்தையே வாயடைக்கச் செய்துவிடும்! ஆகவே, கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பியவாறே இக்கம்பியை அளத்தல் வேண்டும். அசையாத நிலையில் அளந்தால் பழுது ஒளிந்துகொள்ளும்.

இரைச்சலும் ஒரு தடயமே. இயந்திரத்தின் வேகத்திற்கேற்ப ஏறியிறங்கும் கீச்சொலி, மின்னாக்கியிலிருந்து வருவது. தரையில் இயந்திரம் ஓடும்போது மின்னாக்கியின் நிலைமாற்றியைச் சற்று அணைத்தால் அவ்வொலி மறையும். மறையாமல் தொடரும் 'டிக் டிக்' ஓசைக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் கம்பியைப் பார்க்கவேண்டும். ஒலிவாங்கியின் செருகுதுளையை வானூர்தியின் உடலிலிருந்து பிரிக்கும் சிறு காப்பு வளையம் தவறிப்போனாலும் இரைச்சல் புகும். கருவிப் பலகையைப் பிரிப்போர் மறப்பது பெரும்பாலும் இவ்வளையத்தைத்தான்.

இப்பணிகளை உரிமம் பெற்ற தொழில்நுட்பரே செய்தல் வேண்டும். பறக்கையில் வானொலி ஓய்ந்தால், விமானி தம் டிரான்ஸ்பாண்டரில் 7600 என்னும் எண்ணை இட்டுக் கோபுரத்தின் ஒளியை நோக்குவார். அணையாத பச்சை ஒளி இறங்க இசைவு. அணையாத சிவப்பு ஒளி, பிறருக்கு வழிவிட்டு வட்டமிடுக என்னும் ஆணை.