பிளவுறும் ஈஸ்டும் ஒளிரும் வளையமும்

சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காப்பி வேரூன்றிவிட்டது. ஏற்காட்டுத் தோட்டங்களில் பழத்தின் தோலை உரித்தபின், கொட்டையில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான சதை கழலும்பொருட்டு அதைத் தொட்டியில் புளிக்கவிடுவர். அங்கே பாக்டீரியாக்களுடன் சேர்ந்து உழைப்பது ஈஸ்ட் என்னும் ஒற்றை உயிரணுப் பூஞ்சை. அரபியில் இதனைக் ‘கமீரா’ என்பர். மூடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. முக்காட்டைக் குறிக்கும் ‘கிமார்’ என்பதும் அவ்வேரினதே.

ஓர் ஈஸ்ட் எவ்வாறு இரண்டாகிறது? நெடுங்காலம் உயிரணுவைக் கொன்று சாயமேற்றியே பெரிதும் ஆராய்ந்தனர். அதில் கிடைப்பது ஒரு கணத்தின் நிலை மட்டுமே. முன்னே நிகழ்ந்தது எது, பின்னே நிகழ்ந்தது எது என்பதை ஊகிக்கத்தான் முடியும். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவித்த பச்சை ஒளிர் புரதம் பின்னாளில் இந்நிலையை மாற்றிற்று. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை வேற்றுயிர்களுக்குள் செலுத்தி ஒளிரச் செய்தார். இருவரும் ரோஜர் சியெனுடன் 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நாம் ஆராய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு இம்மரபணுவை இணைத்துவிட்டால், அப்புரதம் விளக்கேந்தியே பிறக்கும். நீல ஒளி பட்டால் பச்சையாய்ச் சுடரும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து வரிசைப்படுத்தினால் நிகழ்ச்சி முழுவதும் கண்முன் விரியும்.

இதற்கு மிக உகந்தது பிளவு ஈஸ்ட். அதன் அறிவியற் பெயரின் பின்பாதியாகிய ‘பாம்பே’ சுவாகிலி மொழியில் பீரைக் குறிப்பது. வாசகர் முகம் சுளிக்க வேண்டா, ஆய்வகத்தில் அதற்கு வேறு வேலை. கோல்போன்ற இவ்வுயிரணு ஏறத்தாழ 14 மைக்ரான் நீளம் வளர்ந்ததும் பிளவுபடும். முதலில் மிட்1 என்னும் புரதம் உட்கருவிலிருந்து வெளியேறி, நடுப்பகுதியில் புள்ளிகளாக அமர்ந்து பிளக்கவேண்டிய இடத்தைக் குறிக்கும். மயோசின் அங்கே வந்து சேரும். ஆக்டின் இழைகள் முளைக்கும். புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்து, சுமார் பத்து நிமிடத்தில் ஒரு வளையமாகும். பின்னர் அவ்வளையம் அரைமணி நேர அளவில் சுருங்க, அதன் பின்னாலேயே குறுக்குச் சுவர் எழும்.

நம் உடலின் உயிரணுக்களும் பெரும்பாலும் இத்தகைய வளையத்தாலேயே பிரிகின்றன. அது தவறினால் ஓர் உயிரணுவில் இருமடங்கு குரோமோசோம்கள் தங்கிவிடும். புற்றுநோய்க்கு வழிதிறக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

ஆயினும் பார்க்க உதவும் ஒளியே உயிரணுவுக்கு ஊறு செய்யும். ஒளிர்வும் படிப்படியாக மங்கும். ஒட்டிய விளக்கு புரதத்தின் வேலையைக் கெடுப்பதும் உண்டு. எனவே விளக்கேற்றிய ஈஸ்ட், ஏற்றாததைப் போலவே வளர்ந்து பிரிகிறதா என ஒப்பிட்டே ஆகவேண்டும். அழகிய படங்களைவிட இவ்வொப்பீட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

சிங்கப்பூர் டெமாசெக் ஆய்வகத்தில் மோகன் பாலசுப்பிரமணியன் குழுவினர் 2013இல் இன்னும் ஒரு படி சென்றனர். உயிரணுவின் உறைகளை நீக்கி, வளையத்தை மட்டும் எஞ்சவிட்டு, ஏடிபி என்னும் எரிபொருளை ஊட்டினர். வளையம் தானே சுருங்கிற்று. அதற்கு மயோசினின் இழுப்பு இன்றியமையாதது. ஆக்டின் இழைகள் அழிந்து மீண்டும் உருவாவது அவசியமன்று என்பது அதனால் தெரியவந்தது.