முதலில் தண்ணீர், பிறகு துணி

காலை ஏழு மணி. உங்கள் தெருவில் நிற்கும் கார் ஒன்றைக் கவனியுங்கள். இரவெல்லாம் அதன்மேல் படிந்த தூசியை ஒருவர் காய்ந்த துணியால் பரபரவென்று துடைக்கிறார். ஐந்தே நிமிடத்தில் கார் பளபளக்கிறது. "எவ்வளவு அக்கறை!" என்று நாம் வியக்கிறோம்.

ஆனால், மாணவ நண்பர்களே, அந்த ஐந்து நிமிடத்தில் கார் பெற்ற நன்மையைவிடத் தீமையே அதிகம். நாள்தோறும் இப்படித் துடைத்து வந்தால், வாங்கிய அன்று முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னிய கார், தேய்த்துத் தேய்த்து மங்கிய பழைய தட்டுப்போல் ஆகிவிடும். அக்கறையோடு செய்யும் வேலை எப்படிக் கேடாக முடிகிறது? இதைப் புரிந்துகொள்ள, நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் வேதியியலுமே போதும்.

தலைமயிரைப் போன்ற மெல்லிய கவசம்

காரின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனது. நீரும் காற்றும் சேர்ந்து தாக்கினால் எஃகு துருப்பிடிக்கும். ஆகவே தொழிற்சாலையில் அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சட்டைகளை அணிவிக்கிறார்கள். முதலில் தகட்டை நன்கு கழுவி, பாஸ்பேட் உப்புக் கரைசலால் பக்குவப்படுத்துகிறார்கள். பிறகு காரின் வெற்றுக் கூட்டைப் பெயிண்ட் தொட்டியில் முழுகவைத்து மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். மின்முலாம் பூசுவதைப் போலவே, பெயிண்ட் துகள்கள் சந்து பொந்துகளிலெல்லாம் சென்று ஒட்டிக்கொள்கின்றன. இதன்மேல் ஓர் இடைப்பூச்சு. அதன்மேல் நம் கண்ணுக்குத் தெரியும் நிறப்பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, ஒளி ஊடுருவும் தெளிபூச்சு.

இத்தனை சட்டைகளையும் சேர்த்தால் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 100 மைக்ரான்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! அதிலும் மேலேயுள்ள தெளிபூச்சு ஏறக்குறைய 40 மைக்ரான் மட்டுமே. உங்கள் தலைமயிர் ஒன்றின் கனமே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் முதலில் எதிர்கொள்வது இந்த மெல்லிய படலம்தான்.

கார்கள் தோன்றிய காலத்தில், மரவண்டிகளுக்குப் பூசுவதுபோல வார்னிஷைத் தூரிகையால்தான் பூசினார்கள். அது உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. 1920களில் அமெரிக்காவில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் புழக்கத்திற்கு வந்தபின் அந்தக் காத்திருப்பு நீங்கியது. நிறத்தின்மேல் தெளிபூச்சு பூசும் முறை 1980களில்தான் பரவலாயிற்று. நிறமிகளைச் சூரியனின் புறஊதாக் கதிர்கள் நேரடியாகத் தாக்காமல் காப்பதும், ஆழ்ந்த மினுமினுப்பைத் தருவதும் இந்தப் பூச்சுதான்.

மணலுக்கு முன் பெயிண்ட் எம்மாத்திரம்?

ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா என்பதை அறிய, 1812-ல் ஃபிரெடரிக் மோஸ் என்ற கனிமவியலார் ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் மிக மென்மையான டால்க்குக்கு 1, வைரத்திற்கு 10. நம் விரல் நகம் சுமார் 2.5; சன்னல் கண்ணாடி சுமார் 5.5. மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸோ 7! அது கண்ணாடியையே கீறிவிடும். பெயிண்டின் மேற்பூச்சு உண்மையில் ஒருவகைப் பிளாஸ்டிக். அது கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானது.

இப்பொழுது அந்தக் காய்ந்த துணியை நினைத்துப் பாருங்கள். தெருத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. துணியை அழுத்தித் தேய்க்கும்போது அவை துணியில் சிக்கி, பெயிண்டின்மேல் இழுபடுகின்றன. துடைப்பவர் கையில் இருப்பது துணி என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உப்புத்தாள்!

சிலந்தி வலை எங்கிருந்து வந்தது?

கறுப்பு நிறக் காரின்மேல் வெயில் படும்போது, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிவதைக் கண்டிருக்கலாம். வட்டமாகத் தேய்த்ததால் வந்த கீறல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று.

வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை மின்விளக்கின் கீழே பிடியுங்கள். அதிலும் வட்டங்கள் தெரியும். இப்பொழுது தலையை மெல்ல நகர்த்துங்கள். வட்டங்களும் உங்களோடு நகர்கின்றன! தட்டில் உள்ள கீறல்கள் நகருமா? நகராது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஆனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டத்தின் தொடுகோடுபோல் அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை ஒளியை வேறு திசைகளில் அனுப்பிவிடுவதால் அவை தெரிவதில்லை. அதாவது, கண்ணுக்குத் தெரியும் கீறல்களைவிடத் தெரியாதவை பல மடங்கு அதிகம். இப்படி ஒளி பல திசைகளிலும் சிதறுவதால்தான் கார் மங்கலாகத் தெரிகிறது.

தண்ணீர் என்ன செய்கிறது?

சரி, காரை எப்படித்தான் கழுவுவது? முதல் விதி இதுதான்: தண்ணீர் ஊற்றித் தூசியை இளக்கும்வரை துணியால் தொடாதீர்கள். மேலிருந்து வழியும் நீர் மணலைத் தேய்க்காமலே அடித்துச் செல்கிறது. பூவாளியால் ஊற்றினாலும் போதும்.

அடுத்து இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காருக்குரிய ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். ஷாம்பு நீரில் நனைத்த மென்மையான துணியால் சிறிது இடத்தைத் துடைத்ததும், துணியை வெறும் நீரில் அலசிப் பிழிந்த பிறகே மீண்டும் ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். துணி பற்றிய மணல் இரண்டாம் வாளியின் அடியில் படிந்துவிடும். அது காருக்குத் திரும்பிப் போகாது.

கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். சக்கரங்களைக் கடைசியில், வேறு துணியால் கழுவுங்கள். அங்கே சேற்றோடு, பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்களும் ஒட்டியிருக்கும்.

ஷாம்புவின் வேலை என்ன? அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்புவது. மறு முனை எண்ணெயை விரும்புவது. எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்து பிடித்து நீரோடு போகவைப்பது இதுவே. நுரைநீர் வழுவழுப்பையும் தருவதால் எஞ்சிய துகள்கள் உராயாமல் நழுவுகின்றன. துணிக்குப் போடும் சலவைத்தூளைப் பயன்படுத்தலாமா? கூடாது. அதிலுள்ள சலவைச்சோடா காரத்தன்மை மிக்கது. பெயிண்டின்மேல் பூசிய மெழுகை நீக்கிவிடும்.

வெயிலில் கழுவினால்?

வெயிலில் நிற்கும் காரின்மேல் உள்ள நீர்த்துளிகள் பூதக்கண்ணாடிபோல் ஒளியைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தட்டையான பரப்பில் அமர்ந்த துளியின் குவியம் அப்பரப்புக்குக் கீழேதான் அமையும். எனவே இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது துளி விட்டுச்செல்லும் பொருளுக்குத்தான்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. சூடான தகட்டின்மேல் நீர் சட்டென்று ஆவியாகிறது. உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் கழுவி, உடனே நீரை ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதற்கு மைக்ரோஃபைபர் துணி ஏற்றது. அதன் நுண்ணிய இழைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும்.

காக்கையின் எச்சத்தை மட்டும் கழுவும் நாள்வரை விட்டுவைக்காதீர்கள். அதன் வெண்பகுதியில் யூரிக் அமிலம் உள்ளது. வெயிலில் காயக் காய அது பெயிண்டில் அழியாத வடுவை உண்டாக்கிவிடும். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, மெல்ல எடுத்துவிடுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து கீறுபடும்.

மெழுகு வேறு, பாலிஷ் வேறு

கழுவிய காருக்கு மெழுகு பூசுவதுண்டு. இதற்குப் புகழ்பெற்றது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலைகளிலிருந்து கிடைப்பது இது. தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கார்னோபாவோ 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெயிலில் காயும் காருக்கு இது ஏற்றதல்லவா? மெழுகுப் பரப்பில் நீர் பரவி ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும்.

மெழுகு என்பது புதிதாகச் சேர்க்கும் படலம். பாலிஷ் அதற்கு நேர்மாறானது. அதிலுள்ள நுண்ணிய அரத்தூள் பெயிண்டின் மேற்பரப்பைச் சிறிது தேய்த்து எடுத்துச் சமப்படுத்துகிறது. கீறல் மறைவது உண்மைதான். ஆனால் நம்மிடம் இருப்பதோ 40 மைக்ரான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் சிறிது குறைகிறது. தேய்ந்தது மீண்டும் வளர்வதில்லை. எனவே கீறலை நீக்குவதைவிடக் கீறாமல் காப்பதே அறிவுடைமை.

கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்து எஃகு வெளியே தெரிந்தால், அதைக் கவனிக்காமல் விடக்கூடாது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அது உப்பிப் பக்கத்திலுள்ள பெயிண்டையும் கிளப்பிவிடும். கடற்கரை ஊர்களில், காற்றிலுள்ள உப்பு இந்த வினையைத் துரிதப்படுத்துகிறது. பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, அதே நிறப் பெயிண்டைச் சிறிது தொட்டுவைத்தால் நீரும் காற்றும் உள்ளே புகா.

தண்ணீர் வீணாகாதா?

"எங்கள் தெருவில் குடிதண்ணீருக்கே பஞ்சம். தினமும் காரைக் கழுவ முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தினமும் கழுவ வேண்டாம் என்பதே விடை! சும்மா படிந்திருக்கும் தூசி சில நாள்களில் பெயிண்டைக் கெடுத்துவிடாது. அதைத் தேய்ப்பதுதான் கெடுக்கிறது. வாரம் ஒருமுறை முறையாகக் கழுவினால் போதும். குழாய் வேண்டாம். 15 லிட்டர் வாளி உங்கள் குழாயில் ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 20 நிமிடம் திறந்துவைத்தால் 300 லிட்டர் ஓடிவிடும். வாளியும் பூவாளியும் கொண்டு கழுவினால் நாலைந்து வாளியில் வேலை முடியும்.

செய்து பாருங்கள்

வீட்டில் கார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒளி ஊடுருவும் பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து, அதன்மேல் தெருத் தூசியை மெல்லத் தூவுங்கள். ஒரு பாதியைக் காய்ந்த துணியால் பத்துமுறை தேயுங்கள். மறு பாதியின்மேல் முதலில் நீரை ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகு ஈரத்துணியால் பத்துமுறை துடையுங்கள். ஸ்கேலைக் கழுவி உலர்த்தி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பாதியில் கீறல் அதிகம்?

இந்த விதி காருக்கு மட்டுமன்று. உங்கள் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறீர்களே, அதற்கும் இது பொருந்தும். மிதிவண்டிக்கும் பொருந்தும். சோதனை முடிந்ததும் அந்த ஸ்கேலை, தெருவில் கார் துடைப்பவரிடமும் காட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஏன் முதலில் வரவேண்டும் என்பதை அந்த ஸ்கேலே அவருக்குச் சொல்லிவிடும்.