காருக்குள் பாடும் ஆல்டர்னேட்டர்

போனை ஆக்ஸ் வயரில் கார் ஸ்டீரியோவோடு இணைத்துப் பாட்டு போடுகிறீர்கள். சுத்தமாகக் கேட்கிறது. சார்ஜ் குறைந்துவிட்டதே என்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் சொருகிய அடுத்த நொடி, பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ‘உய்ங்’ ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும். கியர் மாற்றும்போது ஒரு கணம் தொய்ந்து மறுபடி எழும். வாடகைக் காரில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது பழகிய சத்தம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றுகிறவர்களும் உண்டு. ஸ்பீக்கர் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்ஜினோடு பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டர்தான் அங்கே பாடுகிறது.

ஆல்டர்னேட்டர் தருவது மும்முனை மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கோ நேர்திசை மின்சாரம்தான் ஆகும். அதனால் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ஆறு டயோடுகள் உட்கார்ந்து அதை நேராக்கி அனுப்புகின்றன. மேடுபள்ளம் குறைகிறதே தவிர முழுதாகத் தீர்வதில்லை. மீட்டர் 14 வோல்ட் என்று காட்டும் அந்த மின்சாரத்தின் மேல் சிற்றலைகள் மிஞ்சிவிடுகின்றன. பல கார்களில் இருக்கும் 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒருமுறை சுழன்றால் 36 அலைகள். என்ஜின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஆல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று சுற்றும். நொடிக்கு 1,200 அலைகள் எழும். என்ஜின் 2,400 சுற்றைத் தொட்டால் நொடிக்கு 3,600 அலைகள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். சாதாரண வேகத்தில் வண்டி ஓடும்போது இந்தச் சத்தம் நேராக அந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. மில்லிவோல்ட் கணக்கில் இருக்கிற ஓர் அலை பாட்டையே கெடுப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, சார்ஜர் மாட்டினால் மட்டும் இது ஏன் வருகிறது? அதற்கு விடை காரின் ‘எர்த்’தில் இருக்கிறது. காரில் எல்லா மின்கருவிக்கும் போகிற வயர் ஒன்றுதான்; திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பு. ‘பாடி எர்த்’ என்று எலக்ட்ரீஷியன் சொல்வது அதைத்தான். உடம்பு முழுவதும் ஒரே பூஜ்ய வோல்ட் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் இணைப்புகளுக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும் அதன் வழியே 50 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். ஆக, சாக்கெட் எர்த் ஆகும் இடமும் ஸ்டீரியோ எர்த் ஆகும் இடமும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. போன் தனியாக, தன் பேட்டரியில் ஓடும்வரை பிரச்சினை இல்லை. அதற்கு இருக்கும் ஒரே எர்த் ஆக்ஸ் வயர்தான். சார்ஜரைச் சொருகியதும் இரண்டாவது வழி திறக்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையிலான வித்தியாசம் ஆக்ஸ் வயரின் வெளி உறை வழியாகப் பாய்கிறது. பாட்டின் வோல்டேஜை ஸ்டீரியோ அளப்பது அதே உறையோடு ஒப்பிட்டுத்தான். அந்த உறையே அசைந்தால் ஆல்டர்னேட்டரின் அலையும் பாட்டின் பகுதியாகிவிடும்; ஸ்டீரியோ இரண்டையும் பாகுபாடில்லாமல் பெரிதாக்கித் தந்துவிடும்.

இதற்கு ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்று ஒரு சிறிய டப்பா விற்கிறார்கள். உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். இடது, வலது ஒலிக்கு ஒவ்வொன்றாக இரண்டு. பாட்டின் மின்னோட்டம் முதல் சுருளில் காந்தப்புலமாக மாறி, அடுத்த சுருளில் மறுபடி மின்சாரமாக எழுகிறது. நடுவில் செம்பு செம்பைத் தொடுவதே இல்லை. எர்த்தின் வழி அறுபடுகிறது. பாட்டு மட்டும் தாண்டிப் போகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் நம் டாஷ்போர்டில் இப்படி வேலை செய்கிறது. மலிவான ஐசோலேட்டரில் இரும்பு உள்ளகம் சிறிதாக இருக்கும். தாழ்ந்த ஒலிகளில் அது திணறிவிடும். மத்தளமும் பேஸ் கிட்டாரும் மெலிந்து கேட்டால் குறை அங்கேதான்.

எல்லாச் சத்தமும் ஆல்டர்னேட்டருடையது அல்ல. ரேடியோ கேட்கும்போது ‘டிக் டிக்’ என்று என்ஜின் வேகத்தோடு கூடிக் குறைவது ஸ்பார்க் பிளக்கின் வேலை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறி. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 27 பொறி. ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் 1880-களின் பிற்பகுதியில் ரேடியோ அலை உண்டென்று நிரூபித்ததே மின்பொறியை வைத்துத்தான். அந்தக் கணக்கில் ஒவ்வொரு பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்! 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் நிறுவனம் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பொறியாளர்களைப் படாதபாடு படுத்தியது இந்தச் சத்தம்தான். அந்த நிறுவனம்தான் பின்னால் மோட்டோரோலா ஆனது. இப்போது பிளக்கின் உள்ளேயே சுமார் 5,000 ஓம் தடை வைத்துவிடுகிறார்கள். சர்வீஸின்போது தடையில்லாத பிளக்கை மாட்டிவிட்டால் பழைய ‘டிக் டிக்’ திரும்பிவிடும். மின்சாரக் காரில் பொறி இல்லை. ஆனால் மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரின் இரைச்சல் ஏஎம் அலைவரிசையை மூழ்கடிப்பதால் சில தயாரிப்பாளர்கள் அந்த ரேடியோவையே எடுத்துவிட்டார்கள்.

போன் மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பே ஸ்பீக்கரில் ‘டட்-ட-டட்’ என்று வந்ததே, நினைவிருக்கிறதா? 2ஜி போன் கோபுரத்தோடு இடைவிடாமல் பேசாது. நொடிக்கு 217 முறை விட்டுவிட்டுப் பேசும். ஒவ்வொரு முறையும் வெளியாகும் அலை ஆம்ப்ளிஃபயரின் வயரில் ஏறிவிடும். அந்தத் துடிப்புதான் சத்தமாகக் கேட்டது. 4ஜி வந்த பிறகு இது பெரும்பாலும் போய்விட்டது.

பாட்டு ஓடாதபோதும் ‘ஸ்ஸ்’ என்று சீராக வரும் இரைச்சல் வேறு வகை. கடத்திக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதால் எழும் ஒலி அது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் அளந்து காட்ட, ஹாரி நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. அதை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் ‘கெயின்’ திருகை முழுதாக ஏற்றி வைத்தால் அதுவும் சேர்ந்து பெரிதாகிவிடும். கெயினைக் குறைத்து, ஸ்டீரியோவின் வால்யூமைக் கூட்டிக் கேட்பதே சரி.

இனி வேலைக்கு வருவோம். முதலில் என்ஜினை அணைத்து, சாவியை ஏசிசி நிலையில் மட்டும் வைத்துப் பாட்டு போடுங்கள். ‘உய்ங்’ இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் வழிதான். என்ஜின் ஓடும்போது வால்யூமைக் கூட்டிக் குறையுங்கள். சத்தமும் கூடவே மாறினால் அது ஸ்டீரியோவுக்கு முன்னால் நுழைகிறது: போன், சார்ஜர், ஆக்ஸ் வயர். வால்யூமை அடியோடு குறைத்தும் மாறாமல் நின்றால் ஸ்டீரியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தேடுங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைக் கழற்றிவைத்து, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். சத்தம் போய்விட்டால் ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. வயரும் எர்த்தும்தான் பாக்கி.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயர் டிக்கிக்குள் எங்கே போல்ட் ஆகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருப்பார்கள்; வாஷரைச் சுற்றித் துருவும் பூத்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கமாகப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். எர்த் வயர் நீளக் கூடாது. அரை மீட்டருக்குள் இருப்பது நல்லது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர் வண்டியின் ஒரு பக்கம் என்றால் ஆர்சிஏ வயர் மறு பக்கம் போகட்டும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி மிதியடிக்குக் கீழே செருகுவது நம் ஊர்க் கடைகளில் பார்க்கும் மிக மோசமான பழக்கம்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றும் வழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் வோல்டேஜ் பல பத்து வோல்ட்டுக்குத் தாவலாம். என்ஜினின் கம்ப்யூட்டரே போய்விடக்கூடும். மல்டிமீட்டர் போதும். அதை ஏசி வோல்ட்டில் வைத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது போக வேண்டியது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். மற்றபடி, நாய்ஸ் ஃபில்டர் வாங்கக் காசு எடுப்பதற்கு முன் சார்ஜரை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள், எர்த் போல்ட்டை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.