சினைப் பசுவின் கடைசி வாரங்கள்

சீர்காழிப் பகுதியில் தை, மாசி மாதங்களில் சினைப்படும் பசுக்கள் ஐப்பசி, கார்த்திகையில் கன்று ஈனும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். ஒன்பது மாதம் ஒன்பது நாள் என்று நம் பெரியோர் வைத்த கணக்கும் அதனை ஒட்டியதே. ஆதலால் அடைமழையும் ஈற்றுக் காலமும் ஒருங்கே வந்து சேர்கின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்ததை எவரும் மறந்திரார். அத்தகைய நாளில் கால்நடை மருத்துவர் கிராமத்தை வந்தடைவது எளிதன்று. பசுவை உடையவர் தாமே சிலவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

பிறக்கும் கன்றின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கடைசி இரண்டு மாதங்களிலேயே ஏறுகிறது. ஆகவே ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னரே கறவையை நிறுத்திவிட வேண்டும். நாள்தோறும் கிடைக்கும் அரைப்படிப் பாலுக்கு ஆசைப்பட்டுக் கடைசி வரை கறப்பவர், அடுத்த ஈற்றில் அதைப்போல் பன்மடங்கு இழப்பர்.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். சம்பா நடவு முடிந்தபின் நம் வயல்களில் மேய்ச்சலுக்கு இடமில்லை. மாடுகள் வைக்கோலையே நம்பி நிற்கின்றன. வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி, வைட்டமின் ஏ சத்தைத் தருவதில்லை. அச்சத்துக் குறைந்த தாய் வலுவற்ற கன்றையோ, சில வேளைகளில் பார்வையற்ற கன்றையோ ஈனும். வேலியோரத்து அகத்தியும் கல்யாண முருங்கையும் இக்குறையைச் செலவின்றித் தீர்க்கும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று கைப்பிடி தழையேனும் போடுதல் நலம். கடைசி மூன்று வாரங்களில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்ந்த கலப்புத் தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். நிறையக் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கு இவ்வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கொடுத்தல் கூடாது. கொடுத்தால், எலும்பிலிருந்து அச்சத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடலுக்கு மந்தப்பட்டு, ஈன்றவுடன் பால் காய்ச்சல் கண்டு பசு எழ இயலாமல் படுத்துவிடும். பெயர் காய்ச்சலாயினும் உடல் குளிர்ந்தே இருக்கும்; கழுத்தை விலாப்புறம் மடித்துக்கொள்ளும். மருத்துவர் உடனே ஊசி போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கொட்டிலில் மூத்திரம் வடியப் பின்புறத்தை வெகுவாகத் தாழ்த்துவது நம்மவர் வழக்கம். சினை முதிர்ந்த பசுவை அங்குக் கட்டினால் வயிற்றுப் பாரம் பின்னோக்கி அழுத்தி அடி தள்ள இடமுண்டு. சமதரையில், உலர்ந்த வைக்கோல் பரப்பித் தனியே கட்டுக.

நாள் நெருங்குகையில் மடி பருக்கும். வாலின் இருபுறமும் தசைநார் தளர்ந்து குழி விழும். கண்ணாடி போன்ற கோழை தொங்கும். நோவு கண்டால் பசு படுப்பதும் எழுவதுமாய் இருக்கும். தலையீற்றுக் கிடேரிக்கு இந்நிலை பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். அதற்காகப் பதற வேண்டுவதில்லை. பனிக்குடம் வெளிப்பட்டபின் முன்னங்கால் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் தோன்றுவதே நேரான ஈற்று. இரண்டு மணி நேரம் கடந்தும் கன்று வராவிடினும், ஒரு கால் மட்டுமோ வால் மட்டுமோ தென்படினும், ஆட்களைக் கூட்டிக் கயிறு கட்டி இழுத்தல் பெருந்தீங்கு. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நம் உம்பளச்சேரிப் பசு பெரும்பாலும் எவர் துணையுமின்றி ஈனுவது. கன்று செந்நிறமாய்ப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறம் அடையும். நிறங்கண்டு கலப்போ என ஐயுற வேண்டா. இச்சிறு உருவக் கிடேரிக்கு முதல் ஈற்றிலேயே பெரிய இனத்து விந்தைச் செலுத்துவதுதான் பல துன்பங்களுக்கு மூலம். கொருக்கையில் 1968-இல் ஏற்பட்ட அரசுப் பண்ணை இவ்வினத்தைப் பேணி வருகிறது. அவ்வினத்து விந்தையே கேட்டுப் பெறுக.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் ஊட்டலாகாது என்னும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. இதனால் மாண்ட கன்றுகள் பல. பசுவின் வயிற்றில் உள்ளபோது நோயெதிர்ப்புச் சத்து கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பாலின் வழியே வந்தால்தான் உண்டு. அதனை ஏற்கும் திறனும் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அற்றுவிடும். ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டுக. கன்று முட்டிக் குடிப்பது கொடி விழுவதற்கும் துணையே. பன்னிரண்டு மணி நேரத்திலும் கொடி விழாவிடில் கல்லைக் கட்டித் தொங்கவிடாமல் மருத்துவருக்குச் சொல்லுக. விழுந்த கொடியை ஆலமரத்தில் கட்டுவதைவிட ஆழப் புதைத்தலே உத்தமம். கருச்சிதைவு நோய் உள்ள ஊரில் நாயும் காக்கையும் அதனைத் தொடலாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் புரட்டாசிக்குள் தத்தம் கிராமத்தில் எந்தெந்தப் பசு எப்பொழுது ஈனும் என்று குறித்து வைத்து, வெள்ளம் ஏறாத மேட்டிடம் ஒன்றையும் முன்னரே தேர்ந்து வைப்பாராக.