தசைக்குப் புரதம், சிறுநீரகத்துக்கு?

"முட்டையும் புரத மாவும் இப்படிச் சாப்பிட்டால் கிட்னி பழுதாகாதோ?" பளுதூக்கும் பிள்ளைகளின் தாய்மார் தாதியான என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் சாதாரணமானவருக்குப் போதும். பளுதூக்குவோர் 1.6 கிராம் வரையும் அதற்கு மேலும் எடுக்கிறார்கள். புரதத்திலிருந்து வரும் யூரியாவை அகற்றச் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டும். சுகமான சிறுநீரகம் இதைத் தாங்கும். இரத்தத்தில் கிரியேற்றினின் சற்றுக் கூடினாலும் பதறாதீர்கள். அது தசையிலிருந்து வருவது. சிறுநீரில் அல்புமின் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு மிகைப் புரதம் அதை விரைவாக்கலாம். அநுராதபுரம், வவுனியாப் பக்கம் காணப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. அந்தப் பக்கத்து இளைஞர் புரத மா வாங்குமுன் சோதித்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், அந்த விலைக்கு முட்டை, பயறு, நெத்தலி எவ்வளவோ வாங்கலாம்.