15 வயதில் கழிவு, 50 வயதில் பெருமை: கொட்டகைகளில் உயிர்பெறும் பழைய பிக்கப் வேன்கள்

புது தில்லி: தலைநகர் வட்டாரத்தில் 15 வயதைக் கடந்த பெட்ரோல் வாகனம் "ஆயுள் முடிந்தது" என்று முத்திரை குத்தப்படுகிறது. டீசல் வாகனமாயின் 10 வயதே எல்லை. அதே வாகனம் எப்படியோ தப்பிப் பிழைத்து 50 வயதை எட்டிவிட்டால், "விண்டேஜ்" என்ற தனிப் பதிவுக்கு விண்ணப்பிக்க மத்திய அரசின் விதிகளே வழி செய்கின்றன. இடைப்பட்ட 35 அல்லது 40 ஆண்டுகளை அது எங்கே கழிப்பது என்பதற்கு மட்டும் விதிகளில் விடை இல்லை. பெரும்பாலும் யாரோ ஓர் ஆர்வலரின் வீட்டுக் கொட்டகைதான் அதற்குப் புகலிடம்.

மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தில்லியில் 1964 முதல் "ஸ்டேட்ஸ்மன்" நாளேடு நடத்திவரும் பழங்கால கார் பேரணியில் கூட்டம் மொய்ப்பது அவற்றைத்தான். பால் கேன்களையும் மூட்டைகளையும் சுமந்து உழைத்த பிக்கப் வேனுக்கு அத்தகைய வம்சப் பெருமை கிடையாது. உழைத்து ஓய்ந்ததும் எடைக்குப் போடப்படுவதே அதன் விதியாக இருந்தது. அதனாலேயே இன்று எஞ்சியிருப்பவை சொற்பம்.

வரிக்கொள்கை எழுதிய வரலாறு

இந்த வண்டிகளின் கதை நாட்டின் தொழில் கொள்கையோடு பிணைந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ல் பம்பாயில் வாகனங்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. செவர்லே பிக்கப் வேன்கள் அவ்வழியே நாடெங்கும் சென்றன. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்துடன் கைகோத்து, குர்லா ஆலையில் டாட்ஜ், பார்கோ வண்டிகளைக் கட்டியது. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்தது. அந்த ஜீப்பின் வழித்தோன்றலாகப் பின்னர் வந்த "எஃப்.சி. 150" பிக்கப் வேன், ஓட்டுநர் இருக்கை என்ஜினுக்கு மேலேயே அமைந்த விநோத வடிவம் கொண்டது.

1953-ல் வரி ஆணையம் ஒரு முக்கியப் பரிந்துரையை அளித்தது. உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இனி இடம் என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்றதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அந்த நிறுவனங்களின் பழைய வண்டிகளுக்குப் புதிய உதிரிபாகம் கிடைப்பது அன்றே அரிதாகத் தொடங்கியது. ஆயினும் உள்ளூர் மெக்கானிக்குகளும் லேத் பட்டறைகளும் அவற்றை மேலும் பல ஆண்டுகள் ஓட வைத்தனர். இன்று மீட்டெடுப்புப் பணியில் இறங்குவோர் எதிர்கொள்வது அந்தக் கைவண்ணத்தின் சுவடுகளைத்தான்.

ஸ்பானருக்கு முன் கேமரா

1950-களின் டாட்ஜ் பிக்கப் வேன் ஒன்று கொட்டகைக்கு வந்தால், முதலில் செய்ய வேண்டியது புகைப்படம் எடுப்பது. எந்த வயர் எங்கே செல்கிறது, எந்தப் பிராக்கெட் எந்தப் பக்கம் என்பதைப் பிரிக்கும் முன்பே பதிவு செய்து, கழற்றிய நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பிரிப்பது ஒரு வாரத்தில் முடியலாம். பூட்டுவது ஆண்டுக் கணக்கில் நீளலாம். அதுவரை நினைவாற்றலை நம்ப முடியாது. அமெரிக்க வண்டி என்பதால் அளவுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர்களைத் திணித்தால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும்.

நெடுநாள் நின்ற என்ஜின் பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும். அதை வலிந்து சுழற்றினால் பிஸ்டன் ரிங்குகள் நொறுங்கும். ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பதே வழக்கம். டாட்ஜின் ஆறு சிலிண்டர் என்ஜினில் வால்வுகள் மேலே இல்லை, பிளாக்கிலேயே பக்கவாட்டில் அமைந்தவை. எனவே மேல்மூடியைக் கழற்றுவது எளிது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் பட்டறையில் போர் செய்து, அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும்.

மின்சார அமைப்பு மற்றொரு பொறி. அக்கால டாட்ஜ் வண்டிகள் 6 வோல்ட்டில் இயங்குபவை. அதிலும் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பழகிய கையோடு எதிர்முனையை இணைப்பவர் வேலையைக் கெடுத்துக்கொள்வார். பிரேக்கில் இன்னும் கவனம் தேவை. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் அமைப்பு என்பதால், ஓரிடத்தில் கசிந்தாலும் முழு பிரேக்கும் போய்விடும். என்ஜின் உறுமியதும் வெள்ளோட்டம் விடத் துடிப்போர், முதலில் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும்.

எது "அசல்"?

பிக்கப் வேன்களைப் பொறுத்தவரை சட்டமும் வரலாறும் இங்கேதான் மோதுகின்றன. அக்காலத்தில் சரக்கு வண்டிகள் பலவும் அடிச்சட்டமும் என்ஜினுமாகவே விற்கப்பட்டன. ஓட்டுநர் அறையையும் சரக்குத் தொட்டியையும் உள்ளூர் தச்சர்கள் மரத்தாலும் தகட்டாலும் கட்டிக் கொடுத்தனர். ஆக, ஆலையில் இருந்து வந்த "அசல் உடல்" என்ற ஒன்று பல வண்டிகளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

என்ஜின் கதை இன்னும் சிக்கல். 1973-ல் எண்ணெய் விலை எகிறிய பின், பெட்ரோல் குடிக்கும் அமெரிக்க என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் என்ஜின் பொருத்திக்கொள்வது பரவலானது. சென்னை சிம்ப்சன் நிறுவனம் உருவாக்கிய பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்கள் வடஇந்தியாவிலும் பழைய வண்டிகளின் இதயமாயின. பிழைப்புக்காகச் செய்த அந்த மாற்றம்தான் பல வண்டிகளை எடைக்குப் போகாமல் காத்தது. இன்று அதுவே அவற்றுக்கு வினையாகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, என்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். தயாரிப்பாளர் நிர்ணயித்த வடிவத்துக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. டீசலுக்கு மாறிய வண்டியை மீட்பவர், அசல் பெட்ரோல் என்ஜினைத் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் அதன் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

தேடுமிடங்களும் சுருங்கிவிட்டன. தில்லி காஷ்மீரி கேட் கடைகளும் மாயாபுரி கழிவுச் சந்தையும் இருக்கின்றன. ஆனால் அரிய பாகங்களுக்குப் பெயர்பெற்ற மீரட் சோதிகஞ்ச், திருட்டு வாகனங்களை உடைத்து விற்கும் இடமாகவும் பெயரெடுத்து, உத்தரப் பிரதேச போலீஸாரின் நடவடிக்கையால் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. திருட்டு ஒழிந்தது நல்லதே. ஆனால் நேர்மையாகத் தேடுவோருக்கு மாற்றுச் சந்தை எதுவும் உருவாகவில்லை.

தெருவில் நிறுத்தவும் தடை

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் பிறப்பித்த உத்தரவு, 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தில்லியில் ஓடுவதை மட்டுமின்றி, பொது இடத்தில் நிறுத்தப்படுவதையும் தடுத்தது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு 10 ஆண்டு வரம்பு வந்தது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது. வீட்டுக் கொட்டகை அன்றுமுதல் பொழுதுபோக்கு இடம் என்பதைத் தாண்டி, சட்டத் தேவையாகவே ஆகிவிட்டது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்கக்கூடாது என்ற உத்தரவு தில்லியில் அமலுக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பியதால் சில நாள்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பர் 17-ல் அப்பாதுகாப்பை பி.எஸ்.-4 தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரங்களுக்கும் உரிய வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கியது. புகை வரம்பு என்ற பேச்சே எழாத காலத்தில் பிறந்த பிக்கப் வேனுக்கு இதில் நிழல் இல்லை.

நீதிமன்றங்களின் கவலை நியாயமற்றது எனச் சொல்ல இயலாது. குளிர்காலத் தில்லியின் காற்று, குழந்தைகளின் நுரையீரலைப் பதம் பார்க்கிறது. பழைய என்ஜின் கக்கும் புகை புதிய வாகனத்தினுடையதைவிடப் பன்மடங்கு மோசம். ஆனால் நாள்தோறும் சரக்கடிக்கும் வண்டியையும், ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கொட்டகையை விட்டு வெளியேறும் வண்டியையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்பதே ஆர்வலர்களின் கேள்வி.

விதியில் உள்ள இடைவெளி

விண்டேஜ் வாகனங்களுக்கான விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்தது. புதிய பதிவுக்கு ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000. புதிய பதிவு பெறுவோருக்கு "வி.ஏ." என்ற எழுத்துகள் தாங்கிய தனி எண். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாடும் வணிகமும் கூடாது. அடிச்சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை.

இவ்விதிகளின் 2020 நவம்பர் வரைவு, நான்கு சக்கர வாகனங்களில் "எம்-1" வகையைக் குறிப்பிட்டது. அது பயணிகள் கார்களின் வகை. சரக்குக்கான பிக்கப் வேனோ "என்-1" வகையைச் சேர்ந்தது. இறுதி விதிகள் குறித்த அரசின் விளக்கம் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் என்று பொதுவாகப் பேசியது. ஆனால் விதியின் அடித்தளமே சொந்தப் பயன்பாட்டுக் காரை மனத்தில் வைத்து அமைந்தது என்பது வெளிப்படை. காருக்கு எளிதாகத் திறக்கும் கதவு, உழைப்பாளி வண்டிக்குத் திறக்குமா என்ற ஐயம் எழுவது இதனால்தான்.

பங்கில் மற்றொரு சோதனை காத்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கு 2025-ல் எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் அரிக்கும். சில பழைய வாகனங்களில் நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் எனக் கோரிய மனுவை, செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் இந்த எரிபொருளை விட்டுவைப்பது, துருவை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

உலகப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான "ஃபிவா", 30 வயதையே எல்லையாகக் கொள்கிறது. இங்கும் 30 வயதில் ஓர் இடைநிலைப் பதிவு, ஆண்டுக்கு இத்தனை கிலோ மீட்டர் என்ற வரம்பு, என்-1 வகைக்குத் தெளிவான இடம், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த என்ஜின் மாற்றத்துக்கு ஒருமுறை ஒப்புதல் என நான்கு திருத்தங்கள் போதும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதுமானது. தலைநகர் வட்டாரத்தின் வயது வரம்புக்கு மட்டும் உச்ச நீதிமன்றத்தின் இசைவு வேண்டும்.

அரண்மனைக் கார்கள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக உள்ளன. விடுதலை பெற்ற நாட்டின் பாலையும் தானியத்தையும் தபாலையும் சுமந்த வண்டிகளுக்கு அந்த இடம் கிடைக்குமா என்பது, அவை 50 வயது வரை உருக்கு ஆலைக்குப் போகாமல் இருப்பதைப் பொறுத்தது.