பை நெட்வொர்க்: சித்தியின் அடையாள அட்டைக்கு ஏன் இந்த அவசரம்?

2025 மார்ச் 14, இலங்கை நேரம் பிற்பகல் 1.30. போனில் கிரிப்டோ நாணயம் சேர்க்கும் பை நெட்வொர்க் செயலி விதித்திருந்த கெடு அது. அதற்குள் அடையாளச் சரிபார்ப்பை முடித்து, சேர்த்த நாணயத்தைப் பிரதான வலையமைப்புக்கு மாற்றாதவர்களுக்குக் கடைசி ஆறு மாதச் சேர்ப்பு மட்டுமே மிஞ்சும் என்றது. ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: “நான் சரிபார்ப்பை முடித்துவிட்டேன். பிறகும் ஏன் எல்லாவற்றையும் மாற்ற முடியவில்லை?”

காரணம் உங்கள் ‘பாதுகாப்பு வட்டம்’. நம்பகமானவர்கள் என்று நீங்கள் பெயர் கொடுத்த மூன்று முதல் ஐந்து பேர். இந்தச் செயலியில் போன் கணக்கிட்டு நாணயம் எதையும் ‘தோண்டுவதில்லை’; செயலி இந்த வட்டங்களைத்தான் நம்பியிருக்கிறது. கோடிக்கணக்கானோரின் வட்டங்களை இணைத்தால் போலிகள் தனித்துத் தெரிவார்கள் என்பதே நிறுவனத்தின் வாதம். ஒரே ஆள் ஆயிரம் பெயர்களில் நுழைந்து வலையமைப்பைக் கைப்பற்றும் ‘சிபில் தாக்குதலை’ கணினி ஆய்வாளர் ஜோன் டூசர் 2002இலேயே விளக்கிவிட்டார். பயம் நியாயமானது. மருந்துதான் எனக்கு உறுத்துகிறது.

விளையாட்டுக் கோட்பாட்டின்படி, பொய் சொன்னால் நட்டம் வரும் என்றால்தான் ஒருவருடைய சொல்லை நம்பலாம். இங்கே வட்டத்தில் சேர்க்கும் ஒவ்வொருவருக்காகவும் உங்களுக்கு அடிப்படை வீதத்தில் 20% மேலதிகம், ஐந்து பேர் வரை. நீங்கள் அழைத்து வந்தவர் செயலியில் இயங்கினால் தலைக்கு 25%. முன்பின் தெரியாதவரைச் சேர்த்தாலும் இலாபம்தான். லயத்துச் சீட்டில் ஒருவருக்குப் பிணை நின்றால், அவர் கைவிரித்தால் நாம்தான் கட்டவேண்டும்; எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பிலும் சரிபார்ப்பவர் குறைந்தது 32 ஈதரைப் பிணையாக வைக்கிறார், ஏமாற்றினால் அதில் வெட்டு விழும். பை நெட்வொர்க்கில் பெயர் கொடுப்பவர் எதையும் பணயம் வைப்பதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு: வட்டத்தில் உள்ளவரும் நீங்கள் அழைத்து வந்தவரும் தங்கள் சரிபார்ப்பை முடிக்கும்வரை அவர்கள் வழி வந்த மேலதிகத்தை நீங்கள் மாற்ற முடியாது. நிறுவனம் செய்யவேண்டிய வேலையை நாமே ஒருவரை ஒருவர் நெருக்கிச் செய்துமுடிக்கிறோம். கொழுந்து பறித்துவிட்டு வரும் சித்தியின் போனை வாங்கி, அவருடைய அடையாள அட்டையையும் முகத்தையும் தம்பி பதிவேற்றுகிறான். மேலதிகம் தம்பிக்கு, ஆபத்து சித்திக்கு. அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைப் பார்ப்பவர்களும் மற்றப் பயனர்களே; விவரங்கள் மறைக்கப்படும் என்பது நிறுவனத்தின் உறுதிமொழி. தோட்டத்தில் ஓர் அடையாள அட்டை எடுக்க எவ்வளவு அலையவேண்டும் என்று தெரிந்தவர்கள் அதை இவ்வளவு எளிதாகக் கொடுக்கக்கூடாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: மத்திய வங்கி அனுமதித்ததா? இல்லை, கிரிப்டோ நிறுவனம் எதற்கும் உரிமம் தரவில்லை என்று பலமுறை எச்சரித்திருக்கிறது.

“விரைவாக முடித்துத் தருகிறேன்” என்று காசு கேட்பவர்? மோசடிக்காரர்.

பை நெட்வொர்க் பணப்பையைத் திறக்கும் 24 சொற்கள்? யாருக்கும் காட்டாதீர்கள்.

வட்டத்தில் உள்ளவர் மறுத்தால்? அவர் வழி வந்த மேலதிகம் மட்டும் போகும், உங்கள் சொந்தச் சேர்ப்பு மாறும். அவரை வற்புறுத்தாதீர்கள்.